திருவாலங்காட்டுச் செப்பேடுகளும் மின்தரவு வடிவத் தேர்வும்

திறவுச்சொற்கள்: செப்பேடு, மின்பதிப்பு, எக்ஸ்.எம்.எல்., எபிடாக், சி.எஸ்.வி., ஜேசன்

முன்னுரை

திருவள்ளூர் மாவட்டத்துத் திருவாலங்காட்டில் 1905இல் கண்டெடுக்கப்பெற்ற செப்பேட்டுத் தொகுதி, முதலாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டைக் குறிப்பது. பழையனூர் என்னும் ஊர் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளிக்கப்பெற்றதை உரைப்பது. இதன் 31 ஏடுகளுள் முதல் 10 வடமொழிப் பகுதி. எஞ்சிய 21 தமிழ்ப் பகுதி. இத்தகைய ஆவணத்தை மின்வடிவாக்குங்கால் எப்பணிக்கு எத்தரவு வடிவம் பொருந்தும் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. வெற்று உரைக்கோப்பு

இஃது எக்கணினியிலும் திறக்கவல்லது. சொல் தேடுதற்கும் சொல்லடைவு ஆக்குதற்கும் போதுமானது. ஆயின், பதிப்பில் இடம்பெறும் பகர அடைப்பு, தெளிவற்ற எழுத்தைக் குறிக்கின்றதா, பதிப்பாசிரியர் பெய்த எழுத்தைக் குறிக்கின்றதா என்பதைக் கணினி அறியாது. மூலச் சான்றும் பதிப்பாசிரியரின் ஊகமும் ஒன்றாகிவிடும்.

2. எக்ஸ்.எம்.எல்.

1998இல் பரிந்துரையாக வெளியிடப்பெற்ற இவ்வடிவத்தின்மேல் அமைந்ததே எபிடாக் நெறி. தெளிவற்ற எழுத்து, சிதைந்தமையால் நிரப்பப்பெற்ற எழுத்து, பொறித்தவர் விட்டுவிட்ட எழுத்து ஆகியவற்றுக்கு இது வெவ்வேறு குறியீட்டு முறைகளை வழங்குகின்றது. 2019இல் தொடங்கிய தர்மா ஆய்வுத்திட்டம் தமிழ்க் கல்வெட்டுகளுக்கும் இந்நெறியைக் கையாண்டது.

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. ஓர் ஏட்டின் இறுதியில் தொடங்கும் தொடர் அடுத்த ஏட்டில் முடியலாம். எக்ஸ்.எம்.எல். உறுப்புகளோ ஒன்றனுள் ஒன்று முழுமையாக அடங்க வேண்டும். ஒன்றையொன்று வெட்டிச் செல்லலாகாது. ஆதலின், பொருள் தொடர்பைக் காட்டும் பத்தியையும் தொடரையும் உறுப்புகளாகவும், ஏடும் வரியும் மாறும் இடங்களை உள்ளடக்கமற்ற வெற்றுக் குறிகளாகவும் அமைத்தல் வேண்டும்.

3. சி.எஸ்.வி., ஜேசன்

ஊர்ப்பெயர், ஆட்பெயர் ஆகியவற்றைப் பெயர், ஏடு, வரி என நிரல்படுத்தி எண்ணுதற்குச் சி.எஸ்.வி. அட்டவணையே எளிது. தேடல் முடிவுகளை வலைச்செயலிக்கு அனுப்புதற்கு ஜேசன் ஏற்றது. ஆனால், தொடருரையின் இடையிடையே குறிகள் வரும் பனுவலை ஜேசனில் எழுதின், உரை சிறு துண்டுகளாகச் சிதறும். மனிதர் படித்துத் திருத்துதல் அரிதாகும்.

எவ்வடிவாயினும் எழுத்துக் குறியாக்கம் ஒருங்குறியாகவே இருத்தல் வேண்டும். கிரந்த எழுத்துகளுக்கு 2014இல் ஒருங்குறியில் தனியிடம் கிடைத்தமையால், வடமொழிப் பகுதியையும் அதன் எழுத்திலேயே பதிவுசெய்ய இயலும்.

முடிவுரை

எபிடாக் கோப்பிலிருந்து வெற்று உரையையும் அட்டவணையையும் ஜேசனையும் நிரல்வழி உருவாக்கலாம். வெற்று உரையிலிருந்து ஐயத்திற்குரிய எழுத்து எதுவென மீட்டெடுத்தல் இயலாது. மீண்டும் செப்பேட்டையோ அதன் படியையோ நாட வேண்டும். ஆகவே, எபிடாக் கோப்பை மூலமாகப் பேணி, ஏனையவற்றை அதன் வழிப்பட்டனவாகக் கொள்வதே செப்பேட்டுப் பதிப்புக்குப் பொருந்தும் நெறியாகும்.