விழிக்கண்ணும் விழிப்புணர்வும்: மாவட்டக் கண்காணிப்புக் குழு குறித்து ஓர் ஆய்வு

முன்னுரை

பிறப்பால் மக்கள் யாவரும் ஒப்பர் என்னும் கருத்து தமிழுக்குப் புதியதன்று. வள்ளுவர் அதனைப் பொருட்பாலில் கூறினார். ஆயினும் இறைமாட்சியிலோ செங்கோன்மையிலோ அன்றிப் 'பெருமை' என்னும் அதிகாரத்தில் வைத்தார். அறநூல் அறிவுறுத்தியதை ஆட்சி தன் கடமையாக ஏற்கப் பல நூற்றாண்டுகள் சென்றன. 1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த அரசியலமைப்பின் 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. அந்த ஆணை தலைநகரிலிருந்து ஒரு சிற்றூரின் தெருவரை வந்து சேர்கிறதா என்பதை யார் பார்ப்பது? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு குழுவைப் பற்றி இக்கட்டுரையில் ஆராய்வோம்.

சாவடி என்னும் சொல்

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி அமைந்த ஊர் பெரிய முதலியார்சாவடி. அச்சாலை வழியே மேலும் வடக்கே சென்றால் மரக்காணத்து உப்பளங்கள் விரிகின்றன. சாவடி என்பது வழிச்செல்வோர் தங்கவும் ஊரார் கூடிப் பேசவும் அமைந்த பொதுவிடம். ஆனால் நம் ஊர்களில் சாவடியில் அமர்ந்து பேசியவர் சிலரே. எட்ட நின்று தீர்ப்பைக் கேட்டுச் சென்றவர் பலர். பொதுவிடம் என்ற பெயர் இருந்தால் மட்டும் ஓரிடம் பொதுவாகிவிடாது.

உத்திரமேரூர்க் கல்வெட்டுகளும் இதையே உணர்த்துகின்றன. முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பட்ட அவை, குடவோலை வழியே ஏரி வாரியம், தோட்ட வாரியம் முதலியவற்றுக்கு உறுப்பினரைத் தேர்ந்த முறையை விரிவாகக் கூறுகின்றன. முன்பு வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும் அவர்தம் உறவினரும் மீண்டும் இடம்பெறலாகாது என்ற விதி இன்றும் போற்றத்தக்கது. எனினும் அது நிலமும் சொந்த மனையும் வேதக் கல்வியும் உடைய அந்தணர்தம் சபை. உழுதவர்க்கு அதில் ஓலையில்லை. முறை சிறந்திருந்தது, வாயில் குறுகியிருந்தது.

குழுவின் அமைப்பு

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இல் இயற்றப்பட்டு, 1990 ஜனவரி 30 அன்று நடைமுறைக்கு வந்தது. அதன் விதிகள் 1995இல் வெளியாயின. 16ஆம் விதி முதலமைச்சர் தலைமையில் மாநிலக் குழுவையும், 17ஆம் விதி மாவட்ட ஆட்சியர் தலைமையில் மாவட்டக் குழுவையும் அமைக்கின்றன. 2013இல் சேர்க்கப்பட்ட விதியால் கோட்ட அளவிலும் குழு உண்டாயிற்று.

மாவட்டக் குழுவில் நாடாளுமன்ற, சட்டமன்ற உறுப்பினர்களும், காவல் கண்காணிப்பாளரும், அரசு அலுவலரும் இடம்பெறுவர். அவர்களோடு பட்டியல் சாதி, பழங்குடி மக்களிலிருந்து அலுவலர் அல்லாத உறுப்பினர் 5 பேர் வரையும், தொண்டு நிறுவனத் தொடர்புடைய பிற சமூகத்தார் 3 பேர் வரையும் அமர்த்தப்படலாம். உத்திரமேரூரில் குறுகியிருந்த வாயிலை இவ்விடங்கள் அகலத் திறக்கின்றன. துன்புற்றோரின் சமூகத்தவர் ஆட்சியருக்கு எதிரே மனுவுடன் நில்லாமல், அவரோடு ஒரே மேசையில் உறுப்பினராக அமர்கிறார்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் இக்குழு கூட வேண்டும். சட்டம் செயற்படும் விதம், பாதிக்கப்பட்டோர்க்குரிய தீருதவி, வழக்குகளின் நிலை, அலுவலர்கள் கடமையாற்றிய முறை ஆகிய நான்கையும் அது ஆராய வேண்டும். தண்டிக்கும் அதிகாரம் இதற்கு இல்லை. வினவும் அதிகாரம் உண்டு. 2016இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, குற்றத்தின் தன்மைக்கேற்ப ரூ.85,000 முதல் ரூ.8,25,000 வரை தீருதவி வழங்கப்பட வேண்டும். புலனாய்வு 60 நாட்களுக்குள் முடிய வேண்டும். நாட்கள் கடந்தால், 'ஏன் கடந்தன?' என்று கேட்கக் கடமைப்பட்டது இக்குழுவே.

பெயரில் நேர்ந்த பிழை

தமிழ் பயில்வோர் இங்கு ஒன்றைக் கருத வேண்டும். அரசுச் செய்திக் குறிப்புகளில் இக்குழு சில இடங்களில் 'விழிக்கண் மற்றும் கண்காணிப்புக் குழு' என்றும், சில இடங்களில் 'விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு' என்றும் குறிக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. விழிப்புணர்வு என்பது அறியாதார்க்கு அறிவூட்டுவது. அது மக்களை நோக்கியது. விழிக்கண் என்பது உறங்காது காப்பது. அது அதிகாரத்தை நோக்கியது. விழிப்புணர்வே பணியெனக் கொண்டால், துண்டறிக்கை வழங்கி உறுதிமொழி எடுத்ததோடு குழு நிறைவடைந்துவிடும். விழிக்கண்ணே பணியெனக் கொண்டால், நிலுவையிலுள்ள வழக்கு ஒவ்வொன்றுக்கும் விடை சொல்ல வேண்டும். ஒரு சொல் இடம் மாறினால் ஒரு கடமை இளைத்துவிடுகிறது. மொழித்துறையார்க்கு இங்கே வேலை இருக்கிறது.

நம் மாவட்டத்துச் சான்றுகள்

2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் மூண்ட கலவரத்தில் ஒடுக்கப்பட்ட மக்களின் வீடுகள் எரிந்தன. இதே விழுப்புரம் மாவட்டத்தில், மேல்பாதி திரௌபதி அம்மன் கோயிலில் வழிபடச் சென்ற பட்டியல் சாதியினர் 2023இல் தடுக்கப்பட்டனர். ஜூன் மாதம் கோயிலுக்கு முத்திரையிடப்பட்டது. நீதிமன்றம் தலையிட்ட பின்னர், 2025 ஏப்ரலில் அவர்கள் காவலர் பாதுகாப்போடு உள்ளே சென்று வழிபட்டனர். நீதிமன்றப் படியேறும் முன்பே ஊர்ப்பகையை உணர்ந்து தணிப்பதற்கே மாவட்ட, கோட்டக் குழுக்கள் வேண்டும். எரிந்த பின் கணக்கெடுப்பதைவிட, புகையும்போதே கூடுவது மேல்.

கண்ணுக்குப் புலப்படாத அநீதியும் உண்டு. இருளர் போன்ற பழங்குடியினர் பலர்க்குச் சாதிச் சான்றிதழே நெடுங்காலம் எட்டாப் பொருளாயிற்று. சான்றிதழ் இல்லாதவர்க்கு இச்சட்டத்தின் காப்பு ஏட்டளவில் நின்றுவிடும். திண்டிவனத்தில் கல்லூரி ஆசிரியராயிருந்த பிரபா. கல்விமணி, பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தின் வழியே அம்மக்களுக்காக நெடுங்காலம் உழைத்தார். வகுப்பறையில் நிற்பவர் ஊருக்கும் உதவலாம் என்பதற்கு அவர் பணி அண்மைச் சான்று.

உலகப் பார்வை

இனவேற்றுமையை எதிர்க்கும் உலகப் போராட்டத்தோடு சாதி ஒழிப்பும் இன்று இணைந்துவிட்டது. ஐக்கிய நாடுகள் அவை 2001இல் டர்பனில் நடத்திய இனவெறி எதிர்ப்பு மாநாட்டில் சாதி பற்றி எழுந்த விவாதம் குறிப்பிடத்தக்கது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகர மன்றம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்தது. அந்நாட்டில் அவ்வாறு செய்த முதல் நகரம் அதுவே. நாம் ஏற்றுமதி செய்த இழிவைக் கடல் கடந்த ஓர் உள்ளாட்சி மன்றம் தடுக்க வேண்டியதாயிற்று என்பது நாணத்தக்கது. பிறந்த மண்ணில் அதனைத் தடுக்க நமக்குள்ள கருவியைக் கூர்மையாக்கத் தூண்டுவது.

முடிவுரை

மாணவர்களே, பெரியோர்களே! இக்குழுவில் பிற சமூகத்தார்க்கென உள்ள மூன்று இடங்களை எண்ணிப் பாருங்கள். கல்விப் பணியும் அறப்பணியும் செய்யும் நம் சமுதாயத்துப் பெரியோர்க்கும் அவ்விடங்கள் உரியவை. அடுத்த வீட்டுக் கூரை எரியும்போது 'அது அவர்கள் சிக்கல்' என்று இருப்பது அறமாகாது. 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, ஆண்டுக்கு நான்கு கூட்டங்கள் நடந்தனவா, என்ன முடிவாயிற்று என்று கேட்க எந்தக் குடிமகனுக்கும் உரிமை உண்டு. அவ்வாறு கேட்கும் விண்ணப்பத்தைப் பிழையற எழுதித் தருவது தமிழ் கற்ற மாணவர் ஊருக்குச் செய்யக்கூடிய முதல் தொண்டாகும். கணக்குக் காட்டாதவரை வாரியத்தில் ஏற்கோம் என்று கல்லில் பொறித்த மண் இது. அந்தக் கணக்கை இன்று எல்லாரும் கேட்கலாம், கேட்போமாக.