டிரபல்கர் சதுக்கத்து நத்தார் மரம்

மார்கழி மாலையொன்றில், ஒஸ்லோவிலிருந்து வந்திருந்த நண்பரொருவருடனும் எம் மகளுடனும் இலண்டன் டிரபல்கர் சதுக்கத்திற்குச் சென்றிருந்தோம். அங்கே இருபது மீற்றருக்கும் மேல் உயர்ந்த நத்தார் மரம் ஒளிர்ந்தது. விளக்குச் சரங்கள் மரத்தைச் சுற்றிச் செல்லாமல் மேலிருந்து கீழாக நேரே தொங்கின.

“இது எங்கள் ஊர் வழக்கம்” என்றார் நண்பர். அவர் குறித்தது நோர்வேயை, யாழ்ப்பாணத்தை அன்று.

1940இல் ஜெர்மனி நோர்வேயைக் கைப்பற்றியபோது, மன்னர் ஏழாம் ஹாகோனும் அவரது அரசாங்கமும் இலண்டனில் அடைக்கலம் புகுந்தனர். (சிலப்பதிகாரத்தில் ‘அடைக்கலக் காதை’ என்றே ஒரு காதை உண்டு.) போர்க்காலத்தில் பிரித்தானியா அளித்த ஆதரவுக்கு நன்றியாக, 1947 முதல் ஆண்டுதோறும் ஒஸ்லோ நகரம் ஒரு மரத்தை அனுப்பி வருகின்றது.

“மன்னரும் அகதியா?” என வினவினாள் மகள்.

“1945 ஆனி 7இல் நாடு திரும்பும்வரை அகதியே” என்றோம்.

நண்பர் ஒன்றும் கூறாது மரத்தையே நோக்கி நின்றார்.