ஊர் வாய்க்குப் பயந்து வாங்காத ஓ.பி. சீட்டு

தேய்பிறை அஷ்டமியன்று அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தில் கடன்காரர்கள் இருப்பார்கள், கோர்ட்டுக்கு அலைகிறவர்கள் இருப்பார்கள், வரன் தள்ளிப்போகிறவர்கள் இருப்பார்கள். ராத்திரியெல்லாம் தூங்காத மகனையும், காலேஜைப் பாதியில் விட்டுவிட்டு வந்து அறைக்கதவைச் சாத்திக்கொண்ட மகளையும் கைபிடித்துக் கூட்டி வரும் பெற்றோரும் இருப்பார்கள். சாமியிடம் சொல்லியாயிற்று என்று ஊர் திரும்பிவிடுவார்கள். தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அங்கிருந்து டவுன் பஸ் தூரம்தான். மனநலப் பிரிவில் பார்ப்பதற்கும் மருந்துக்கும் அங்கே காசு கிடையாது. இருந்தும் அந்த பஸ்ஸில் ஏற மனசு வருவதில்லை.

இதை அறியாமை என்று சொல்லி ஒதுக்கிவிடுவது சுலபம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. படித்தவர்களும் இதையேதான் செய்கிறார்கள். யார் கண்ணில் படுவோம், அவர் யாரிடம் போய்ச் சொல்வார், நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர் காதில் என்ன விழும் என்ற கணக்குதான் காரணம். மனநலம் பற்றி நம் பக்கம் உலவும் நம்பிக்கைகளைத் தோண்டிப் பார்த்தால் அநேகமாக எல்லாவற்றின் அடியிலும் இந்தக் கணக்கு கிடக்கிறது. ஆகவே அந்தக் கணக்குக்கும் சேர்த்தே பதில் சொல்ல வேண்டும்.

“காத்து கருப்பு அடிச்சிருக்கு, மந்திரிச்சா சரியாப் போயிடும்”

கோயிலுக்குப் போவதில் எனக்கு எந்த வழக்கும் இல்லை. ஆறுதல் கிடைக்கிற இடத்துக்கு மனிதர்கள் போவார்கள். கோயிலுக்குப் போவதாலேயே ஆஸ்பத்திரி வேண்டாம் என்று முடிவெடுப்பதில்தான் சிக்கல். நோய் தீர வேண்டி மனநோயாளிகளைக் கூட்டி வரும் தர்கா இருக்கிற ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஒரு காப்பகக் கொட்டகை தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் எழுந்து ஓட வழியில்லாமல் செத்துப்போனார்கள். அதே ஏர்வாடி தர்காவில் பின்னாளில் அரசு மனநல மருத்துவர்களும் உட்கார்ந்தார்கள். தொழுகையும் நடக்கிறது, மருந்தும் கொடுக்கப்படுகிறது. தர்காவை மூடச்சொல்லி யாரும் கேட்கவில்லை.

நம் ஊருக்கும் அதே பதில்தான். பி. அக்ரகாரம் முனியப்பனுக்கு நேர்ந்துகொள்ளுங்கள், தாயத்துக் கட்டுங்கள். ஆனால் பத்தொன்பது வயதுப் பையன் தன் போனை யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்கிறான், தனியாக யாருடனோ பேசுகிறான், குளிப்பதில்லை, அம்மா போட்ட சோற்றில் ஏதோ கலந்திருக்கிறது என்று தட்டைத் தள்ளிவிடுகிறான் என்றால், அது மனச்சிதைவின் தொடக்கமாக இருக்கலாம். இந்த நோய் பெரும்பாலும் பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளிலும்தான் தலைகாட்டும். மருந்து தொடங்குவது தள்ளிப்போகத் தள்ளிப்போகத் தேறுவதும் தாமதமாகிறது. மூன்று அமாவாசை பார்த்துவிட்டுப் போகலாம் என்று காத்திருப்பது அவன் படிப்பிலும் வேலையிலும் கைவைக்கிற தாமதம்.

“அங்கே போனா பைத்தியம்னு முத்திரை குத்திடுவாங்க”

சில அரசு மருத்துவமனைகளில் காலை ஓ.பி. நேரத்தில் போய்ப் பாருங்கள். மனநலப் பிரிவு வாசலில் இருக்கும் பெஞ்சு பாதி காலியாக இருக்கும், பக்கத்திலுள்ள தோல் பிரிவின் பெஞ்சில் இடம் இருக்காது. அதில் சிலர் ஓ.பி. சீட்டைச் சுருட்டிக் கைக்குள் வைத்துக்கொண்டு, பெயர் கூப்பிடும்போது மட்டும் எழுந்து உள்ளே போவார்கள். தோல் டாக்டரைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொள்ள வசதியான இடம் அது.

உள்ளே நடப்பது என்னவோ சாதாரணம். தூக்கம், பசி, படிப்பு, வீட்டு நிலவரம், குடிப்பழக்கம் எல்லாம் விசாரிப்பார்கள். தேர்வு பயம், காதல் முறிவு, தூக்கமின்மை, படபடப்பு, கைபேசியை விட முடியாத தவிப்பு என்று எத்தனையோ காரணங்களுக்காக வருகிறவர்கள் உண்டு. வந்தவர்களையெல்லாம் வார்டில் படுக்கவைப்பதில்லை, பேசி அனுப்பிவிடுகிறார்கள்.

‘முத்திரை’க்குச் சட்டத்திலேயே பதில் இருக்கிறது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017, நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருக்கச் சொல்கிறது. வேலைக்கு எடுக்கிறவரோ சம்பந்தம் பேச வருகிறவரோ மருத்துவமனையில் போய் விசாரித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. அரசு நடத்தும், அரசு நிதியில் நடக்கும் இடங்களில் மனநலச் சிகிச்சை பெறுவதை உரிமை என்றே அந்தச் சட்டம் சொல்கிறது. இலவசமாகக் கிடைப்பதைச் சலுகை என்று நினைத்துக் கூசுகிறவர்களுக்கு இது தெரிய வேண்டும். வீட்டைவிட்டு வெளியே செய்தி போவது பெரும்பாலும் நம் சொந்தக்காரர்கள் வழியாகத்தான், அதற்குச் சட்டம் பொறுப்பில்லை.

“இந்த வயசுல என்ன கவலை?”

கவலை வருகிற வயதே இதுதான். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில் 13 முதல் 17 வயதுக்குட்பட்டவர்களில் 7.3 சதவீதம் பேருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருந்தது. அறுபது பேர் படிக்கும் வகுப்பில் நான்கு பேர். பத்தாம் வகுப்பு வாத்தியார் யாரைக் கேட்டாலும் அந்த நால்வரின் பெயரைச் சொல்லிவிடுவார். ‘சோம்பேறி’ என்றோ ‘அடங்காதது’ என்றோ சொல்லியிருப்பார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“போன் பண்ணினா வீட்டுக்குத் தெரிஞ்சிடும்”

இதற்குக் கொஞ்சம் விரிவாகத்தான் பதில் சொல்ல வேண்டும். பாதி தவறு, பாதி சரி என்பதால்.

14416 என்பது மத்திய அரசின் டெலி-மனஸ் சேவையின் எண். 2022 அக்டோபர் 10, உலக மனநல நாளன்று தொடங்கியது. அதே மாதம் தமிழ்நாட்டில் ‘நட்புடன் உங்களோடு’ என்ற பெயரில் இதே எண்ணில் சேவை வந்தது. இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும், கட்டணம் கிடையாது, தமிழில் பேசலாம். ஓசூரைத் தாண்டி பெங்களூருவில் கட்டட வேலையில் இருக்கும் பென்னாகரத்துப் பையனுக்கும் இதே எண்தான். முதலில் எடுப்பவர் பயிற்சி பெற்ற ஆலோசகர். பெயர் சொல்ல இஷ்டமில்லையென்றால் சொல்ல வேண்டாம். எங்கிருந்து பேசுகிறீர்கள், பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா, நேற்று தூங்கினீர்களா, சாப்பிட்டீர்களா என்கிற மாதிரி சின்னக் கேள்விகளில் ஆரம்பிப்பார்கள். அழுகிறவர் அழுது முடிக்கட்டும் என்று காத்திருக்கவும் அவர்களுக்குப் பயிற்சி உண்டு. ஆலோசகரால் ஆகாதது என்றால் மனநல மருத்துவருக்கு மாற்றிவிடுவார்கள், அல்லது மாவட்டத்தில் எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்வார்கள். பதினெட்டு வயது ஆகாதவர்களும் கூப்பிடலாம், அப்பா அம்மாவின் அனுமதி தேவையில்லை. ஊர்க் கண்ணுக்குப் பயப்படுகிறவர்களுக்கு இதைவிடத் தோதான வாசல் கிடையாது. மாட்டுக்குத் தீவனம் போடப் போகிறேன் என்று கொல்லைப்பக்கம் போய்ப் பேசிவிட்டு வரலாம்.

இனி அந்த மீதிப் பாதி. சொல்வதெல்லாம் எப்போதும் ரகசியமாகவே இருக்கும் என்று உறுதி கொடுப்பவர்கள் முழு உண்மையைச் சொல்வதில்லை. உயிருக்கு உடனடி ஆபத்து என்று தெரிந்தால் காப்பாற்றுவதற்காக மற்றவர்களை உள்ளே கொண்டுவர வேண்டியிருக்கும். பதினெட்டு வயதுக்குக் கீழே இருப்பவர் மீது பாலியல் குற்றம் நடந்தது தெரியவந்தால், போக்சோ சட்டப்படி அதைக் காவல்துறைக்குத் தெரிவிப்பது கட்டாயம், மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் விலக்கில்லை. பள்ளிப் படிப்பை நிறுத்திப் பதினாறில் கல்யாணம் செய்து வைக்கப்பட்ட பெண்கள் உள்ள மாவட்டம் தருமபுரி. அப்படிப்பட்ட பெண் மனக்கஷ்டத்தைச் சொல்லப் போய், புருஷன் மேல் கேஸ் ஆகிவிடுமோ என்று வாயை மூடிக்கொள்கிறாள். அவள் பயம் கற்பனையல்ல. ஆனால் தூக்கம் வரவில்லை, அழுகை அழுகையாக வருகிறது என்று பேசத் தொடங்க எந்தச் சட்டமும் தடையில்லை. கல்யாணம் இன்னும் நடக்கவில்லை, பேச்சுவார்த்தைதான் நடக்கிறது என்றால் 1098. குழந்தைகள் உதவி எண் அது, தகவல் சொன்னவர் யார் என்பதை வெளியே விடமாட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கல்வித் துறையின் 14417, பெண்களுக்கு 181.

“சாகறேன்னு சொல்றவன் சாகமாட்டான்”

தமிழ்நாட்டில் 2022இல் தற்கொலை செய்துகொண்டவர்கள் 19,834 பேர் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். மகாராஷ்டிரத்துக்கு அடுத்து நாம்தான். இறந்தவர்களில் பலர் முன்கூட்டியே ஏதோ ஒரு விதத்தில் சொல்லியிருக்கிறார்கள் என்பது இந்தத் துறையில் வேலை செய்பவர்கள் திரும்பத் திரும்பக் காண்பது. ‘நான் இல்லாட்டி உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு ‘போய்ச் செய் பார்க்கலாம்’ என்று பதில் சொல்கிற வீடுகள் உண்டு. அந்தப் பதிலை யாரும் சொல்லக் கூடாது.

இதோடு ஒட்டிப் பிறந்த இன்னொரு நம்பிக்கை, நேரடியாகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே மண்டையில் ஏற்றிவிடுவோம் என்பது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் 6 பள்ளிகளின் 2,342 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தே பார்த்தார்கள். 2005இல் முடிவு வெளியானது. தற்கொலை எண்ணம் பற்றிக் கேட்கப்பட்ட மாணவர்களுக்குக் கேட்கப்படாதவர்களைவிட மன உளைச்சல் கூடவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளுக்குக் கேட்டது கொஞ்சம் இதமாகக்கூட இருந்தது. ஆகவே ‘செத்துப் போயிடலாம்னு தோணுதா கண்ணு?’ என்று கேட்கலாம். ஆமாம் என்றால் திட்டாமல், தனியே விடாமல், கூடவே உட்கார்ந்து 14416ஐ அழுத்தலாம். உயிராபத்து என்றால் 108. தோட்டத்துக்கு வாங்கிய பூச்சிமருந்து வீட்டில் இருந்தால் அன்றைக்கே பூட்டுப் போட்டுச் சாவியை வேறு ஆளிடம் கொடுத்துவிடுங்கள். அந்த நெருக்கடி நேரம் கடந்துபோகக் கூடியது.

யாராவது தற்கொலைக்கு முயன்றுவிட்டால், ‘ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ்’ என்ற பயத்தில் வீட்டிலேயே உப்புத் தண்ணீர் கொடுத்துப் பார்த்து நேரத்தைத் தொலைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115ஆம் பிரிவு சொல்கிறது. 2024 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு இல்லை. அரசு ஊழியரைத் தடுக்கவோ பணியவைக்கவோ தற்கொலைக்கு முயல்வது மட்டும் குற்றமாக இருக்கிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் சொல்லும், ஏட்டு வந்து வாக்குமூலம் எழுதிக்கொண்டு போவார். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

“தூக்க மாத்திரை கொடுத்து அடிமையாக்கிடுவாங்க”

மனச்சோர்வுக்கான மாத்திரை தூக்க மாத்திரை அல்ல. வேலை செய்யத் தொடங்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும், அதனால்தான் பலர் பத்து நாளில் ‘கேட்கலை’ என்று விட்டுவிடுகிறார்கள். பழக்கமாகக்கூடிய மாத்திரைகளும் உண்டு, அவற்றைக் கொஞ்ச நாளைக்குத்தான் எழுதித் தருவார்கள். மெடிக்கல் ஷாப்பில் பழைய சீட்டைக் காட்டித் தொடர்ந்து வாங்குவதில்தான் ஆபத்து. லேசான சிக்கலோடு வரும் பிள்ளைகளுக்கு முதலில் பேச்சுவழிச் சிகிச்சைதான், மாத்திரை அதற்கு அப்புறம்.

“நம்பர் கொடுத்தாச்சு, அப்புறம் என்ன?”

இந்த நம்பிக்கை மக்களிடம் இல்லை, மேடைகளில் இருக்கிறது. ஒரு எண்ணைச் சுவரில் எழுதிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பதும் திருத்தப்பட வேண்டிய நம்பிக்கைதான். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர் என்பது 2019இல் போடப்பட்ட கணக்கு. 2011 மக்கள்தொகைப்படி தருமபுரி மாவட்டத்தில் 15,06,843 பேர். அந்தச் சொற்ப விகிதப்படி பார்த்தாலும் பதினொரு பேர் இங்கே இருக்க வேண்டும், ஆனால் மருத்துவர்கள் சென்னையிலும் கோவையிலும் குவிகிறார்கள். சித்தேரி மலைமேல் டவர் சரியாகக் கிடைக்காத ஊர்க்காரருக்கு 14416 இருந்தும் இல்லாத மாதிரிதான். அவர் அரூர் வர ஒரு நாள் கூலியை விட வேண்டும், பஸ்ஸுக்குக் கொடுக்க வேண்டும். இலவசம் என்ற சொல் இந்தச் செலவைக் கணக்கில் எடுப்பதில்லை.

அரசே பிள்ளைகளைத் தேடிப் பேசிய முன்மாதிரியும் இருக்கிறது. 2021 செப்டம்பரில் நீட் எழுதிய மாணவர்களை 104 மருத்துவ உதவி எண் சேவை வழியாகக் கூப்பிட்டுப் பேசினார்கள். பிள்ளை எண்ணைத் தேடி எடுக்கும்வரை காத்திருக்காமல் இந்தப் பக்கத்திலிருந்து மணியடித்தார்கள். பிளஸ் டூ முடிவு வரும் வாரத்தில் ஒவ்வொரு ஆண்டும் தேர்ச்சி பெறாத ஒவ்வொருவருக்கும், அதுவும் பாலக்கோடு, பென்னாகரம், பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துப் பேச்சு தெரிந்தவர்களை வைத்து, இப்படிச் செய்ய முடியும். துணைத்தேர்வு சில வாரத்திலேயே வருகிறது என்ற தகவலைச் சொன்னாலே பாதிப் பேருக்குத் தெம்பு வந்துவிடும்.

அதுவரை வீட்டில் இருப்பவர்கள் செய்யக்கூடியது: மாவட்ட மனநலத் திட்டக் குழு என்று ஒன்று இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப் பணியாளர் கொண்ட இந்தக் குழு தாலுகா மருத்துவமனைகளுக்கும் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் முறை வைத்துப் போகிறது. உங்கள் ஊர் நர்ஸம்மாவிடமோ, மக்களைத் தேடி மருத்துவத்தில் பிரஷர் பார்க்க வருகிற பெண்ணிடமோ ‘மனசு டாக்டர் நம்ம பக்கம் எந்தக் கிழமை வருவாரு?’ என்று கேளுங்கள். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழாமல் கேட்க வேண்டுமென்றால், அப்படியே கேளுங்கள், தப்பில்லை.