எண்ணூரில் ஏன் வாளி?

கேள்வி: 2017-இல் எண்ணூர்க் கடலில் கொட்டிய எண்ணெயை ஆட்கள் வாளியால் அள்ளினார்களே, இயந்திரம் இல்லையா? எங்கள் கடலில் இப்படி நடந்தால் யார் பொறுப்பு?
– மீனவ வாசகர், தருவைகுளம்

பதில்: தூத்துக்குடித் துறைமுகத்துக்கு வந்துபோகும் கப்பல்களைத் தினமும் பார்ப்பவர் நீங்கள். கேட்க வேண்டியவர்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இயந்திரம் இல்லாததால்தான் வாளி என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படியல்ல. உறிஞ்சும் லாரிகள் வந்தன, வந்தும் திணறின. அந்த ஜனவரி 28 விடியற்காலையில் காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே ‘பி.டபிள்யூ. மேப்பிள்’, ‘டான் காஞ்சிபுரம்’ என்ற இரு கப்பல்கள் மோதிக்கொண்டன. கசிந்தது ஃபர்னஸ் ஆயில் எனும் கெட்டியான எண்ணெய். அலை அதைக் கலக்கக் கலக்க உள்ளே தண்ணீர் ஏறி, கறுப்புக் களியாகிவிடும். பால்மமாதல் என்பது இதுதான். அளவும் மூன்று நான்கு மடங்காகப் பெருகும். அந்தக் களி எர்ணாவூர்க் கரையில் கொட்டியிருந்த பாறைகளின் இடுக்குகளில் போய் அடைந்துகொண்டது. குழாய்க்குள் ஏற மறுத்ததை வாளியால்தான் அள்ள முடிந்தது.

ஆக, கோட்டை விட்டது நேரத்தை. எண்ணெய்க் கசிவு இல்லை என்றே துறைமுகம் முதலில் சொன்னது. எண்ணெய் இளகலாக இருக்கும் முதல் சில மணி நேரத்தில் மிதவைத் தடுப்பை, அதாவது நீரில் மிதக்கும் வேலியை, சுற்றிப் போட்டால் இயந்திரத்துக்கு வேலை இருக்கும். பிந்தினால் மனிதக் கைகளுக்குத்தான் வேலை.

அடுத்து பொறுப்பு. தேசிய எண்ணெய்க் கசிவுப் பேரிடர்த் திட்டப்படி ஒருங்கிணைப்பது இந்தியக் கடலோரக் காவல்படை. ஆனால் துறைமுக எல்லைக்குள் துறைமுகமே இறங்க வேண்டும். 700 டன் வரையிலான கசிவைச் சமாளிக்கும் கருவிகளும் அதனிடம் இருக்க வேண்டும். கரையைச் சுத்தம் செய்வது மாநில அரசின், மாவட்ட நிர்வாகத்தின் வேலை. எண்ணெய்க்கு இந்த எல்லையெல்லாம் தெரியாது. நீரோட்டத்தோடு போகும், காற்று வேகத்தில் சுமார் 3 சதவீதமும் அதோடு சேரும். தெற்குக் காற்று அடித்தால் துறைமுகத்தில் கொட்டியது உங்கள் பக்கம்தான் வரும்.

உங்கள் கடலில் இன்னொரு சிக்கலும் உண்டு. வான்தீவு, காசுவாரித்தீவு ஓரங்களில் பவளப்பாறையும் கடற்புல்லும் ஆழம் குறைந்த நீரில் இருக்கின்றன. பெரிய கப்பல் அங்கே நெருங்க முடியாது. எண்ணெயைச் சிதறடிக்கும் ரசாயனத்தைத் தெளித்தால், மேலே மிதப்பது கீழே இறங்கிப் பவளத்தைத் தொடும். அங்கே மிதவை வேலியை இழுத்துக்கட்ட சிறு படகுகள்தான் வேண்டும். அந்தப் பாறைகளின் போக்கும் உங்களுக்குத்தான் அத்துப்படி. கசிவுத் தடுப்பு ஒத்திகைகளில் தருவைகுளம் படகுகளுக்கும் இடம் தர வேண்டும் என்று மாவட்ட ஆட்சியரிடம் உங்கள் சங்கம் எழுத்தில் கேட்கட்டும்.

கடலில் எண்ணெய்ப் படலத்தைக் கண்டால் உடனே கடலோரக் காவல்படையின் 1554 எண்ணுக்குச் சொல்லுங்கள். ஜி.பி.எஸ். காட்டும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இழப்பீட்டுக்குக் கப்பல் உரிமையாளரே பொறுப்பு. அவர் மீது தவறு என்று நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை. கப்பல் எரிபொருள் கசிவுக்கான பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 2015-இல் சேர்ந்தது. அதன்படி 1,000 டன் கொள்ளளவுக்கு மேற்பட்ட கப்பல்களுக்குக் காப்பீடு கட்டாயம். காப்பீட்டு நிறுவனத்திடமே நேரடியாகவும் கோரலாம். ஆனால் மீன்பாடு எவ்வளவு குறைந்தது என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். அதனால் ஏலச் சீட்டு, டீசல் ரசீது எதையும் இன்றுமுதல் தூக்கிப்போடாதீர்கள். சேதம் ஏற்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுத்துவிட வேண்டும்.