ஒரே ஆள், மூன்று பட்டியல்



எங்கள் தாத்தா தோட்டத்து வாழ்க்கையைப் பற்றிப் பேசினால் பெரட்டில்தான் ஆரம்பிப்பார். விடியாத இருட்டில் எல்லாரும் வரிசையாக நிற்பார்கள். மண்டோர் பெயரைக் கூப்பிடுவார், கிராணி செக்ரோல் புத்தகத்தில் ஒரு கோடு போடுவார். மாதக் கடைசியில் அந்தக் கோடுகளை எண்ணித்தான் சம்பளப் பட்டியல் எழுதுவார்கள். "கோடு விழலன்னா, நீ மரம் சீவினதுக்கு அந்த மரம்தான் சாட்சி" என்பார் தாத்தா. ஆள் கண் முன்னே நிற்கிறான், ஆனால் புத்தகத்தில் இல்லை. புத்தகம் சொல்வதுதான் கணக்கு.

நான் இப்போது பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். தாத்தா சொன்ன அதே விஷயத்தை எங்களுக்கு ஒரு பாடமாக நடத்துகிறார்கள். பயனர்களின் அடையாளத் தரவைப் பல கணினி அமைப்புகளுக்கு இடையே ஒத்திசைப்பது. ஒரு மாணவர் பல்கலைக்கழகத்தில் பதிந்தவுடன் மின்னஞ்சல், நூலகம், பாடத்தளம், விடுதி என்று நாலைந்து இடத்தில் அவருக்குக் கணக்கு திறக்க வேண்டும். துறை மாறினால் எல்லா இடத்திலும் மாற வேண்டும். படித்து முடித்துப் போனால் எல்லா இடத்திலும் மூட வேண்டும். வருகை, மாற்றம், விலகல் என்ற இந்த மூன்றும் ஒழுங்காக ஓடுவதற்கு நாம் போட்டு வைக்கும் பாதைக்குத்தான் 'ஒர்க்ஃப்ளோ' என்று பெயர்.

கேட்க ரொம்ப சுலபமா இருக்கு, இல்லையா? எனக்கும் அப்படித்தான் இருந்தது. பத்தாங் காலியில் எங்கள் இளைஞர் பிரிவுக்கு நானே ஒன்று செய்து கொடுத்தேன். அதைத் தப்பாகச் செய்தேன். அந்தக் கதையை வைத்தே இந்தப் பாடத்தை எழுதுகிறேன். உங்கள் ஊர் ஆலயத்திலோ கிளையிலோ யாராவது கூகுள் ஷீட்டோடு உட்கார்ந்திருந்தால் அவருக்கு இது உதவும்.

எங்களிடம் மூன்று பட்டியல்கள் இருந்தன. உறுப்பினர் பட்டியல் செயலாளர் அக்காவிடம். ஞாயிறு சமய வகுப்பின் வருகைப் பதிவு ஆசிரியரிடம். மூன்றாவது, எஸ்.பி.எம். மாணவர்களுக்கான இலவச டியூஷன் பட்டியல். எந்தப் பிள்ளையை எந்தச் சிம்பாங்கில் ஏற்ற வேண்டும் என்று வேன்காரர் பார்ப்பதும் அதைத்தான். மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. ஒரு பிள்ளைக்கு போன் நம்பர் மாறினால் மூன்று பேரிடம் சொல்ல வேண்டும். நான் ஆப்ஸ் ஸ்கிரிப்டில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். தினமும் நள்ளிரவில் அது உறுப்பினர் பட்டியலைப் படிக்கும். பெயரை வைத்து மற்ற இரண்டிலும் தேடும். இல்லாதவரைச் சேர்க்கும், மாறியதை மாற்றும், விலகியவரை நீக்கும். கூட்டத்தில் காட்டினேன். தலைவர் ஐயா தோளில் தட்டிக் கொடுத்தார்.

மூன்றாவது மாதம் ஒரு குடும்பம் ரவாங்கிற்குக் குடிபோனது. அக்கா அந்தப் பிள்ளையின் வரியில் 'விலகினார்' என்று போட்டார். அன்றிரவு நிரல் தன் வேலையைச் செய்தது. அதே பெயரில் இன்னொரு பிள்ளையும் இருந்தாள். இருவரின் வரியிலும் அப்பா பெயர் எழுதப்படவில்லை. நிரல் இரண்டு பேரையும் எடுத்துவிட்டது.

இரண்டாவது பிள்ளை படிவம் ஐந்து. உள்ளே தோட்ட வீடுகளிலிருந்து சிம்பாங் வரை நடந்து வந்து வேனுக்கு நிற்பவள். பட்டியலில் பெயர் இல்லாததால் வேன் அங்கே நிற்கவில்லை. இரண்டு ஞாயிறு நின்று பார்த்திருக்கிறாள். மூன்றாவது ஞாயிறு வரவே இல்லை. அவளுடைய தோழி சொல்லித்தான் எங்களுக்கே தெரிந்தது. அக்காவும் நானும் வீட்டுக்குப் போனோம். ஏன்மா ஒரு போன் போடலன்னு கேட்டால், "அப்பா இன்னும் சந்தா கட்டலண்ணே. அதான் பேரை எடுத்துட்டீங்கன்னு நினைச்சோம்" என்றாள்.

சந்தா பத்து ரிங்கிட். நான் என்ன சொல்ல? கணினி தப்பு பண்ணிடுச்சு என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் கணினி தப்பே பண்ணவில்லை. நான் எழுதியதைத்தான் செய்தது.

முதல் தப்பு, பெயரைச் சாவியாக வைத்தது. இரண்டு பட்டியலில் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று எதை வைத்துத் தீர்மானிக்கிறோமோ அதுதான் சாவி. நம்ம பெயர்கள் அதற்கு ஆகவே ஆகாது. ஒரே பெயர் பலருக்கு இருக்கும் என்பது பாதிக் கதைதான். ஒரே ஆளுக்குப் பல எழுத்துக்கூட்டல் இருப்பது மீதிக் கதை. தமிழில் ஒரே மாதிரி எழுதும் பெயரை ரோமன் எழுத்தில் போடும்போது ஒருவர் 'எச்' சேர்ப்பார், இன்னொருவர் 'ஒய்' விட்டுவிடுவார். நடுவில் வரும் ஏ/எல், ஏ/பி-யின் சாய்கோட்டைச் சில படிவங்கள் ஏற்றுக்கொள்ளாது. சிலருடைய ஐ.சி.யில் '@' குறி போட்டு இரண்டு பெயர் இருக்கும். எங்கள் பாட்டிக்கு ஐ.சி.யில் ஒரு எழுத்துக்கூட்டல், சேமநிதி புத்தகத்தில் வேறு, வங்கியில் இன்னொன்று. கவுண்டரில் "நாமா தாக் சாமா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். மூன்று தடவை அலைந்தோம், ஒரு சூராட் சும்பா எடுத்தோம். பாட்டி ஒரே ஆள்தான் என்று பாட்டியே சத்தியம் செய்ய வேண்டியிருந்தது!

சரி, பெயர் வேண்டாம், ஐ.சி. எண்ணை வைத்துக்கொள்ளலாமே என்று உடனே தோன்றும். எங்கள் கூட்டத்திலும் எல்லாரும் அதைத்தான் சொன்னார்கள். 1990-இல் வந்த 12 இலக்க எண்ணில் முதல் ஆறும் பிறந்த தேதி, அடுத்த இரண்டும் பிறந்த இடம் (சிலாங்கூருக்கு 10), கடைசி இலக்கம் ஒற்றைப்படை என்றால் ஆண், இரட்டைப்படை என்றால் பெண். எண்ணே ஆளைப் பற்றிப் பேசுகிறது. வசதிதான், ஆனால் சாவிக்கு அது நல்லதல்ல. பொருள் உள்ள எண், அந்தப் பொருள் தப்பாகப் பதிவாகியிருந்தால் திருத்தும்போது தானும் மாற வேண்டிவரும். மாறக்கூடிய எதையும் சாவியாக வைக்கக் கூடாது.

1990-க்கு முன் எண்ணின் வடிவமே வேறு. ஊழியர் சேமநிதி தொடங்கியது 1951-இல். பழைய ஐ.சி. எண்ணில் கணக்கு வைத்திருந்த தோட்டத் தொழிலாளிக்கு, பிறகு வேலை மாறியபோது புதிய எண்ணில் இன்னொரு கணக்கு திறந்திருக்கலாம். ஒரே ஆளின் கணக்குகளை ஒன்றாக்கச் சேமநிதி வாரியம் தனி நடைமுறையே வைத்திருக்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் பழைய சேமநிதி புத்தகம் இருந்தால் எண்ணை ஒருமுறை பார்த்து வையுங்கள். இது பாடத்துக்கு வெளியே, ஆனாலும் சொல்லத் தோன்றியது.

இதைவிடப் பெரிய காரணம் இன்னொன்று. ஐ.சி. எண்ணே இல்லாத பிள்ளைகள் நம்மிடம் இருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம் தாமதமானவர்கள், பெற்றோரின் திருமணம் பதியப்படாததால் சிக்கியவர்கள். பத்திரம் இல்லாத இந்தியர்களுக்காக 2011-இல் மைடாஃப்தார் இயக்கமே நடந்தது, அதற்குப் பிறகும் பிரச்சினை தீர்ந்துவிடவில்லை. எங்கள் சமய வகுப்பிலேயே அப்படி இரண்டு பேர். ஐ.சி. எண்ணைக் கட்டாயச் சாவியாக்கியிருந்தால் தேவாரம் கற்றுக்கொள்ளக்கூட அவர்கள் பட்டியலுக்குள் வந்திருக்க முடியாது. இதை நான் யோசிக்கவில்லை, ஆசிரியர்தான் கேட்டார்: "அந்த ரெண்டு பிள்ளைங்களுக்கு என்ன போடுவ தம்பி?"

அதனால் சொந்த எண் கொடுத்தோம். 0001-இலிருந்து ஆரம்பம், எந்தப் பொருளும் இல்லாத எண். சேரும்போது ஒருமுறை கொடுப்போம், யார் விலகினாலும் அந்த எண் இன்னொருவருக்குப் போகாது. பெரிய நிறுவனங்களும் இதைத்தான் செய்கின்றன. ஸ்கிம் என்று ஒரு பொது விதிமுறை இருக்கிறது, அதன் 2.0 பதிப்பு 2015-இல் வெளியானது. அதில் ஒவ்வொரு அமைப்பும் பயனருக்குத் தன் சொந்த 'ஐடி' ஒன்றைக் கொடுக்கும். அனுப்பும் அமைப்பு அவரை எந்த எண்ணால் அறிகிறது என்பதை 'எக்ஸ்டர்னல் ஐடி' என்று தனியாகக் குறித்துவைக்கும். இரண்டையும் இணைத்து வைத்துவிட்டால் பெயர் எத்தனை தடவை மாறினாலும் ஆள் தொலைய மாட்டார்.

அதே விதிமுறையில் எனக்குப் பிடித்த இன்னொன்று, 'ஆக்டிவ்' என்ற கட்டம். ஆமாம் அல்லது இல்லை. விலகியவரை அழிக்காமல் அந்தக் கட்டத்தில் 'இல்லை' என்று போட்டால் போதும். தப்பு நடந்திருந்தால் ஒரே சொடுக்கில் திரும்பக் கொண்டுவரலாம். என் பழைய நிரல் வரியையே அழித்தது. அந்தப் பிள்ளையின் ஆறு மாத வருகைப் பதிவும் அதோடு போனது, ஆசிரியரின் கையெழுத்து நோட்டு இருந்ததால் தப்பித்தோம்.

எந்தத் தகவலுக்கு யார் சொல்வது இறுதி என்பதையும் முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றுக்கும் ஒரே பட்டியல் மூலமாக இருக்க வேண்டியதில்லை. எங்களிடம் பெயரும் பெற்றோர் விவரமும் அக்காவின் பட்டியல்படி, ஏறும் இடமும் போன் நம்பரும் வேன் பட்டியல்படி, வருகை ஆசிரியர்படி. இப்படிப் பிரிக்காமல் எல்லாப் பட்டியலும் எல்லாவற்றையும் மாற்றலாம் என்று விட்டால், ஒன்று திருத்தியதை மற்றொன்று பழையபடி ஆக்கும், அதை முதலாவது மறுபடி திருத்தும், இரவு முழுக்கச் சண்டைதான். முகவரி விஷயத்தில் கோல சிலாங்கூர் பக்கத்து நண்பர் ஒருவர் சொன்னது நினைவுக்கு வருகிறது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007-இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறியது. ஐ.சி.யில் பழைய பெயர், மின்கட்டண பில்லில் புதிய பெயர், அஞ்சல் குறியீடு மட்டும் அதே 45600. வீடு நகரவே இல்லை, ஆனால் முகவரியை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் நிரல் 'இடம் மாறிவிட்டார்' என்றுதான் சொல்லும்.

நாட்டளவில் இதே வேலையைப் பார்த்தோம். பல அரசாங்கத் துறைகளில் சிதறிக் கிடந்த விவரங்களை ஒன்றாக்க 2024 ஜனவரி 2-ஆம் தேதி 'பாடு' தொடங்கப்பட்டது. மார்ச் 31 வரை மக்கள் தங்கள் விவரத்தைப் புதுப்பிக்க அவகாசம் இருந்தது. தொடங்கிய முதல் நாட்களிலேயே, இன்னொருவரின் ஐ.சி. எண்ணும் அஞ்சல் குறியீடும் தெரிந்தால் அவர் பெயரில் பதிந்துவிட முடிகிறது என்ற ஓட்டை சுட்டிக்காட்டப்பட்டது. ஐ.சி. எண் யார் என்று அடையாளம் காட்டும், 'நான்தான் அவர்' என்று நிரூபிக்காது. இரண்டும் வேறு வேறு. எத்தனை பாரத்தில், எத்தனை கார்ட் கவுண்டரில் அதை எழுதிக் கொடுத்திருப்போம்! அது எப்படி ரகசியமாகும்? இதைப் பார்த்த பிறகு எங்கள் பட்டியல்களிலிருந்து ஐ.சி. எண்ணையே எடுத்துவிட்டோம். தேர்வுப் பதிவுக்குத் தேவைப்படும்போது பெற்றோரிடம் கேட்டுக்கொள்ளலாம். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வணிகப் பரிவர்த்தனைகளுக்குத்தான் என்று ஒருவர் வாதாடினார். இருக்கட்டுமே, பிள்ளைகளின் எண்ணை வாட்ஸ்அப்பில் சுற்ற விட அது ஒரு காரணமா?

இப்போது ஓடும் நிரல் பழையதைவிட மெதுவானது, அதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. நள்ளிரவில் மாற்றாது. என்னென்ன மாற்றப் போகிறது என்று ஞாயிறு இரவு ஒரு பட்டியல் மட்டும் எழுதும். எண் ஒத்துப்போய், மாற்றமும் சின்னதாக இருந்தால் திங்கள் காலை தானே செய்துவிடும். எண் இல்லாதது, ஒரே பெயர் இரண்டு வருவது, விலகல், இவை மூன்றும் 'சந்தேக வரிசை'க்குப் போகும். அதை ஒரு மனிதர் பார்த்து ஆமாம் என்று சொன்னால்தான் நகரும். ஒரே நேரத்தில் மூன்று பேருக்கு மேல் விலகல் வந்தால் நிரல் மொத்தமாக நின்று எனக்குச் செய்தி அனுப்பும். எங்கள் அளவுக்கு மூன்று சரி, உங்களுக்கு எத்தனை என்று நீங்கள் பாருங்கள். யார், எப்போது, எதை, எதிலிருந்து எதற்கு மாற்றினார் என்று தனி ஷீட்டில் குறிப்பும் விழுகிறது. ஒரே நிரலை இரண்டு தடவை ஓட்டினாலும் விளைவு ஒன்றாகவே இருக்கிறதா என்று சோதித்துவிட்டுத்தான் விட்டேன். முதல் முயற்சியில் ஒரே பிள்ளைக்கு இரண்டு எண் விழுந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

வேன்காரரிடமும் ஒன்று சொல்லி வைத்தோம். பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் சிம்பாங்கில் பிள்ளை நின்றால் ஏற்றிக்கொள்ளுங்கள், பிறகு எங்களிடம் கேளுங்கள். அவர் சிரித்தார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே தம்பி. பட்டியல்ல இல்லாத ஆளை ஏத்தக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அந்தப் பிள்ளை திரும்ப வந்துவிட்டாள். அவளுடைய எண் 0043. போன ஞாயிறு சந்தேக வரிசையில் நாலு பேர் இருந்தார்கள். இரண்டு பேர் போன் நம்பர் மாற்றியவர்கள், ஒருவர் அக்கா தவறுதலாக இரண்டு தடவை பதிந்தவர். நாலாவது, ராசாவிலிருந்து புதிதாக வரும் ஒரு பையன், பாரத்தில் பெயர் மட்டும்தான் எழுதியிருக்கிறான். அவன் அப்பாவுக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை. இந்த வாரம் அக்காவும் நானும் நேரில் போகிறோம்.