பட்டறை நோட்டைத் திறந்து பார்

பீளமேடு,
கோவை.

அன்புள்ள அம்மிணிக்கு,

நீ அனுப்பிய ரெஸ்யூமை நேற்று ராத்திரி இரண்டு தடவை படித்தேன். ஒன்றரைப் பக்கத்தில் பாதிக்கு மேல் உன்னுடையதே இல்லை. ‘சவாலான சூழலில் என் திறமைகளை வளர்த்து நிறுவனத்தின் வளர்ச்சிக்குப் பாடுபடுவேன்’ என்கிற மாதிரி மேலே ஒரு அப்ஜெக்டிவ். ‘மேற்கண்ட அனைத்தும் உண்மை’ என்று கீழே ஒரு டிக்ளரேஷன். சீனியர் யாரோ கொடுத்த மாடலில் பெயரை மாற்றியிருக்கிறாய். அதுகூடப் பரவாயில்லை. நடுவில் ‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்ற தலைப்பின் கீழே ‘நில்’ என்று போட்டிருக்கிறாயே, அதைப் பார்த்துத்தான் மனசு ஆறவில்லை.

போனில் கேட்டதற்கு, “பட்டறையில செஞ்சதெல்லாம் வேலையா அத்தை? அது வீட்டு வேலைதானே” என்றாய்.

பொங்கல் லீவில் நான் கணபதியில் உள்ள உங்கள் லேத் பட்டறைக்கு வந்தபோது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் என்று நினைவிருக்கிறதா? டெலிவரிக்கு எடுத்து வைத்திருந்த நாற்பது ஷாஃப்டையும் மேசையில் வரிசையாக அடுக்கி, 6205 பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டரில் ஒவ்வொன்றாக அளந்துகொண்டிருந்தாய். 25 மில்லிமீட்டருக்குக் கீழே இறங்கினால் பேரிங் லூஸாக உட்காரும், 25.015-க்கு மேலே போனால் ரொம்ப டைட்டாகிவிடும், அதனால் இந்த இடைவெளிக்குள் இருந்தாக வேண்டும் என்று எனக்கே விளக்கினாய். முப்பது வருடம் தரக்கட்டுப்பாட்டில் இருந்த எனக்கு! மூன்று ஷாஃப்ட் குறைந்திருந்தது. சாக்பீஸால் குறி போட்டுத் தனியே எடுத்து வைத்தாய். உங்கப்பா ‘அனுப்பிரலாம் விடு’ என்றதற்கு, போன மாதம் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்த சலானை நோட்டிலிருந்து எடுத்துக் காட்டினாய். அவன் வாயை மூடிக்கொண்டான்.

எங்கள் கம்பெனியில் அந்த வேலைக்கு ‘இன்ஸ்பெக்‌ஷன்’ என்று பெயர். அதற்கு ஆள் வைத்துச் சம்பளம் கொடுக்கிறோம். அப்பாவுக்குச் செய்தாய் என்பதற்காக அது வேலை இல்லை என்று ஆகிவிடுமா? சம்பளச் சீட்டும் சர்ட்டிஃபிகேட்டும் இருந்தால்தான் அனுபவம் என்று உனக்கு யார் சொன்னது?

ஆகவே ‘நில்’லை அடித்துவிட்டு அங்கே நான்கு வரி எழுது. ‘குடும்ப லேத் பட்டறையில் விடுமுறை நாட்களில் வேலை’ என்று தலைப்பு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை என்று பக்கத்தில். அதன் கீழே: நாற்பது ஷாஃப்டை மைக்ரோமீட்டரில் அளந்து, அளவு குறைந்த மூன்றை டெலிவரிக்கு முன்பே பிரித்தேன். ஜாப் ஒர்க் நோட்டை எக்செல்லுக்கு மாற்றி, வராமல் நின்ற பில்களைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். இவ்வளவு போதும். வரி ஒவ்வொன்றும் ‘செய்தேன்’ என்று முடிய வேண்டும். எண் இருந்தால் எண்ணைப் போடு. ‘தரக்கட்டுப்பாட்டில் ஆர்வம் உண்டு’ என்று பத்துப் பேர் எழுதுவார்கள். நாற்பதில் மூன்று என்று நீ மட்டும்தான் எழுத முடியும்.

எண்ணைக் கூட்டிப் போடாதே. நாற்பது நாற்பதாகவே இருக்கட்டும். எழுதுகிற வரி ஒவ்வொன்றுக்கும் பின்னால் உன்னிடம் ஐந்து நிமிடப் பேச்சு இருக்க வேண்டும். மைக்ரோமீட்டர் என்று படித்ததும் என்னைப் போன்றவர்கள் முதலில் கேட்பது, ‘அளப்பதற்கு முன்னால் ஜீரோ எரர் பார்த்தாயா?’ என்றுதான். நீ பார்த்தாய். உன்னால் பதில் சொல்ல முடியும்.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எனக்கு ஒரு பையன் நினைவு இருக்கிறது. சில வருடங்களுக்கு முன்னால் மே மாதம் இன்டர்ன்ஷிப் கேட்டு வந்தவன். ஆட்டோகேட், சாலிட்வொர்க்ஸ், ஆன்சிஸ், மேட்லேப் என்று வரிசையாக எழுதியிருந்தான். ஆட்டோகேடில் ஒரு ஃபிளேஞ்ச் வரையச் சொன்னோம். எட்டு ஓட்டையைச் சுற்றிலும் சமமாகப் பிரிக்கத் தெரியாமல் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வகுப்பில் ஒரு வாரம் காட்டினார்களாம், அதை நம்பி எழுதிவிட்டான். எழுந்து போகிற நேரத்தில் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது, பிளஸ் ஒன் படிக்கும்போதிருந்தே அப்பாவோடு போய் போர் மோட்டார் ஏற்றி இறக்குகிறவன் என்று. காயில் புகைந்த மோட்டார் எது, பேரிங் போன மோட்டார் எது என்று சத்தத்தையும் வாசனையையும் வைத்தே சொன்னான். எங்கள் தொழிலே சப்மெர்சிபிள் பம்புதான். அதில் ஒரு வார்த்தைகூட அவன் தாளில் இல்லை. இருந்தது இரண்டே இடம், வேறு இரண்டு பேருக்குப் போய்விட்டது. அவனிடம் முதலிலேயே அதைக் கேட்காமல் விட்டேனே என்று இன்றைக்கும் எனக்கு வருத்தம்.

இந்த ஊரில் பட்டறை என்று எழுத நீ கூசவே வேண்டாம். பள்ளிப் படிப்பை முடிக்காத ஜி.டி. நாயுடு, 1920-ல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒரே ஒரு பஸ் விட்டுத் தொடங்கியவர். பிறகு மோட்டார் வரைக்கும் இங்கே செய்து காட்டினார். உன் தாளைப் படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் லேத் சத்தத்தில் வளர்ந்தவர்கள்.

அப்ஜெக்டிவை எடுத்துவிட்டு, மூன்றாம் வருட மெக்கானிக்கல், தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் ஜூன் மாதம் நான்கு வாரம் வர முடியும் என்று இரண்டு வரி போடு. தேதி தெரிந்தால்தான் அவர்கள் இடம் ஒதுக்க முடியும். சி.ஜி.பி.ஏ. 7.1 என்பதை மறைக்காதே, மறைத்தால் அதைவிடக் குறைவு என்றுதான் நினைப்பார்கள். கிளியர் செய்த அரியரை எழுத வேண்டியதில்லை, கேட்டால் உள்ளதைச் சொல். மினி புராஜெக்டில் நான்கு பேர் இருந்தீர்கள் அல்லவா, அதில் உன் கை பட்டது எது என்று மட்டும் எழுது. ‘நான் முதல்வன்’ கோர்ஸ்களில் நீ கடைசி வரை செய்து முடித்த ஒன்று போதும். பார்க்காமலே கிளிக் செய்து வாங்கிய ஆன்லைன் சர்ட்டிஃபிகேட் எல்லாவற்றையும் எடுத்துவிடு.

அப்பா பெயர், மதம், கல்யாணம் ஆகிவிட்டதா என்பதெல்லாம் எதற்கு? ஆதார் நம்பரை ரெஸ்யூமில் போடவே கூடாது கண்ணு. அந்தத் தாள் எத்தனை கை மாறும் என்று யாருக்கும் தெரியாது. அதேபோல, இன்டர்ன்ஷிப் தருகிறோம், முதலில் பணம் கட்டு என்று எவன் கேட்டாலும் அந்தப் பக்கமே போகாதே. உன் வகுப்பில் யாரோ கட்டியிருக்கிறார்கள் என்றாய். அவர்களுக்கு ஒரு தாள் கிடைத்திருக்கும், தொழில் கிடைத்திருக்காது.

பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டத்தைப் பற்றிக் கேட்டாயே. 2024 அக்டோபரில் அதை ஆரம்பித்தபோது 21-லிருந்து 24 வயதுக்குள் இருக்கிறவர்களுக்கு, அதுவும் முழுநேரப் படிப்பில் இல்லாதவர்களுக்கு என்றுதான் அறிவித்தார்கள். உனக்கு இப்போது அது ஒத்துவராது. டிகிரி முடித்தபின் 1961-ம் வருட அப்ரண்டிஸ் சட்டத்தின்படி உதவித்தொகையோடு ஒரு வருடப் பயிற்சி உண்டு. அது வேறு கதை, அடுத்த வருடம் பேசலாம். இப்போது நேராகக் கம்பெனிகளுக்கே மெயில் போடு. வெறும் ஃபைலை அனுப்பாமல், நீ யார், எந்தப் பிரிவு, எந்தத் தேதி என்று மெயிலில் நான்கு வரி எழுது. அந்தக் கம்பெனி என்ன செய்கிறது என்று பார்த்துவிட்டு எழுது. வால்வு செய்கிறவர்களுக்குப் பம்பு பற்றி எழுதாதே. ஒரே பக்கம், பி.டி.எஃப்., ஃபைலுக்கு உன் பெயர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டாக ஆரம்பித்த அந்த மெயில் ஐடியை விட்டுவிட்டு, பெயரில் புதிதாக ஒன்று தொடங்கு. மெயில் அனுப்பிய பிறகு தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடு.

உன் ஹாஸ்டல் தோழியும் எழுத ஒன்றுமில்லை என்று அழுதாளாம். அவளுக்குப் பட்டறை இல்லைதான். ஆனால் அவளுடைய அம்மாவின் மகளிர் குழுவுக்கு இரண்டு வருடமாக அவள்தானே கணக்கு எழுதுகிறாள்? எத்தனை பேர், வாரச் சந்தா எவ்வளவு, உள்கடன் எவ்வளவு வெளியில் நிற்கிறது, பேங்க் பாஸ்புக்கோடு எப்படி ஒத்துப் பார்க்கிறாள் என்று அவளை எழுதச் சொல். ஊர்ப் பெண்கள் தங்கள் பணத்தை நம்பி ஒப்படைத்த பிள்ளை அவள். ஆடிட்டர் ஆபீஸில் அந்த வரியைப் படித்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். தாளை எனக்கும் அனுப்பச் சொல், பார்த்துத் தருகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்குப் போ. அலமாரியில் இருக்கிற ஜாப் ஒர்க் நோட்டை எடுத்து, நான் மேலே எழுதிய எண்களையெல்லாம் தேதியோடு சரிபார். நாற்பதா, முப்பத்தெட்டா என்று எனக்கே சந்தேகம், நோட்டில் உள்ளதை எழுது. திங்கட்கிழமை ராத்திரிக்குள் எனக்கு அனுப்பிவிடு. ஜூனுக்கு ஆள் எடுக்கிற கம்பெனிகள் ஏப்ரலிலேயே பார்க்க ஆரம்பித்துவிடும்.

அன்புடன்,
அத்தை