குவைத்தில் இரவு, சென்னையில் காலை

சித்தூர் பக்கத்தில் ஒரு கிராமம். அங்கே ஓர் அம்மா இருக்கிறார். அவருடைய கணவர் குவைத்தில் கார் ஓட்டுகிறார். மூன்று வருடம் கழித்து அவர் ஊருக்கு வருகிறார். விமான டிக்கெட்டைப் போனில் அனுப்பியிருந்தார்.

மகள் அதைப் படித்தாள்.

"குவைத்தில் புறப்படுவது 14-ஆம் தேதி இரவு 11 மணி. சென்னைக்கு வருவது 15-ஆம் தேதி காலை 6.30 மணி."

அம்மா விரல் விட்டு எண்ணினார். ஏழரை மணி நேரம் வந்தது.

"உங்க அப்பா அஞ்சு மணி நேரப் பயணம்னு சொன்னாரே! மீதி ரெண்டரை மணி நேரம் எங்கே போச்சு?" என்று கேட்டார்.

பக்கத்து வீட்டு மாமா சொன்னார்: "டிக்கெட்டில் தப்பு இருக்கும். 11 மணியோடு 5 மணி நேரத்தைக் கூட்டு. விடியற்காலை 4 மணிக்கு வந்துவிடுவார். நடு இரவிலேயே காரை எடுங்கள்."

மகள் சிரித்தாள். "டிக்கெட் சரிதான் மாமா. இரண்டும் வேறு வேறு கடிகாரம்" என்றாள்.

பூமி தன்னைத் தானே சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 24 மணி நேரம் ஆகிறது. கிழக்கே உள்ள நாட்டில் முதலில் விடியும். மேற்கே உள்ள நாட்டில் பிறகு விடியும். குவைத் நமக்கு மேற்கே இருக்கிறது. ஆகவே நம் கடிகாரம் குவைத் கடிகாரத்தைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 11 மணி என்றால், இங்கே 1.30 மணி. தேதியும் மாறிவிடும். 1.30 மணியோடு 5 மணி நேரத்தைக் கூட்டினால் காலை 6.30 மணி. கணக்கு சரியாக வந்தது.

அந்த 5 மணி நேரம் எப்படி வந்தது? தூரத்தை வேகத்தால் வகுத்தால் நேரம் கிடைக்கும். சித்தூரிலிருந்து திருப்பதி சுமார் 70 கிலோமீட்டர். பஸ் மணிக்கு 35 கிலோமீட்டர் போனால் 2 மணி நேரம் ஆகும். குவைத்திலிருந்து சென்னைக்கு வான்வழியில் சுமார் 3,800 கிலோமீட்டர். விமானம் மணிக்கு ஏறக்குறைய 800 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். அதனால் 5 மணி நேரத்துக்குள் வந்துவிடலாம். மேலே ஏறவும் கீழே இறங்கவும் கொஞ்சம் நேரம் பிடிக்கும்.

அம்மா தாமே அடுத்த கணக்கைப் போட்டார். விமானம் இறங்குவது 6.30. பாஸ்போர்ட் காட்டி, பெட்டி எடுத்து வெளியே வர ஒரு மணி நேரம். சித்தூரிலிருந்து சென்னை சுமார் 150 கிலோமீட்டர். காரில் 4 மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். 3.30 மணிக்குப் புறப்பட்டால் போதும். நடு இரவில் போயிருந்தால் கார் காத்திருக்கும் வாடகை வீணாகியிருக்கும்.

அன்று இரவு சரியாக 1 மணிக்குப் போன் அடித்தது. "விமானத்தில் ஏறிட்டேன்" என்றார் கணவர்.

நேரம் கெட்ட நேரத்தில் போன் வந்ததே என்று அம்மா பயப்படவில்லை. அங்கே இப்போது 10.30 மணி என்று அவருக்குத் தெரியும்.

கணக்குப் போடுங்கள்:

1. சென்னையில் காலை 10 மணிக்கு விமானம் புறப்படுகிறது. பயணம் 5 மணி நேரம். குவைத்தில் இறங்கும்போது அங்கே மணி என்ன?

2. குவைத்தில் இரவு 9 மணிக்கு வேலை முடிகிறது. அப்போது நம் ஊரில் மணி என்ன?

(விடை: 1. பகல் 12.30 மணி. 2. இரவு 11.30 மணி.)